விளையாடக் கணினியா, கன்சோல் பெட்டியா? பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

‘நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்றீர்களே!’ என்று பிள்ளைகள் பெற்றோருக்கு நினைவூட்டும் பொருள்கள் காலத்திற்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் அது கைக்கடிகாரமாக இருந்தது. பின்னர் மிதிவண்டி ஆயிற்று; அதன் பின் கைப்பேசி. இன்று தருமபுரி நகரில் மட்டுமன்று, பென்னாகரம், அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களிலும் பிள்ளைகள் கேட்பது வேறொன்று. விளையாடுவதற்கென்றே அமைக்கப்பட்ட கணினி வேண்டும் என்கிறான் ஒருவன். தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் ‘பிளே ஸ்டேஷன்’ போன்ற பெட்டி வேண்டும் என்கிறான் மற்றொருவன். கன்சோல் என்று பிள்ளைகள் சொல்வது இப்பெட்டியைத்தான்.

இவ்விரண்டில் எது நல்லது என்று கேட்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. விற்பவர், விலை கூடியதே நல்லது என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர், இரண்டும் வேண்டாம் என்கிறார். இவ்விரு விடைகளும் குடும்பத்திற்கு உதவா. பிளே ஸ்டேஷன் 5 என்னும் பெட்டி 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். நம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஒரு கறவை மாடு வாங்கும் தொகை இது. மாடு வாங்குமுன் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நாலு பேரைக் கேட்டு வாங்குகிற நாம், இதை மட்டும் பிள்ளையின் பிடிவாதத்தைக் கொண்டோ விளம்பரத்தைக் கொண்டோ முடிவு செய்வது முறையாகுமா? ஆகவே இரண்டின் நிறைகுறைகளையும் நடுநிலையோடு எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டின் பிறப்பு

ஒன்றின் இயல்பை அறிய அதன் பிறப்பை அறிவது நல்லது. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசல் என்னும் இளைஞரும் அவருடைய தோழர்களும், ஆராய்ச்சிக்கென வைக்கப்பட்டிருந்த பி.டி.பி.-1 என்ற கணினியில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை எழுதினர். இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் எளிய ஆட்டம் அது. பிற கணினிக் கூடங்களுக்கும் அது பரவியபோது, ஆடியவர்களே அதைத் திருத்தியும் மாற்றியும் எழுதினர். கணினி விளையாட்டு தொடக்கத்திலேயே படைப்போர் கையில் பிறந்தது எனலாம்.

கன்சோல் பெட்டியின் கதை வேறு. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர் ரால்ப் பேர் என்னும் பொறியாளர். இலட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும் தொலைக்காட்சியை வெறுமனே பார்ப்பதற்கு மட்டுமின்றி விளையாடவும் பயன்படுத்தலாமே என்று அவர் 1966-இல் எண்ணினார். அவ்வெண்ணமே 1972-ஆம் ஆண்டு ‘மேக்னவாக்ஸ் ஒடிசி’ என்னும் பெயரோடு கடைக்கு வந்தது. அதற்கு ஒலி இல்லை, வண்ணமும் இல்லை. வண்ணத்திற்காகத் திரையின் மேல் ஒட்டுவதற்கு மெல்லிய தாள்களைப் பெட்டியோடு கொடுத்தனர். குடும்பத்தினர் கூடத்தில் அமர்ந்து, எதையும் கற்காமலேயே, பொத்தானை அழுத்தியவுடன் ஆடலாம் என்பதே அதன் சிறப்பு.

அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்பிறவிக் குணங்கள் மாறவில்லை. கணினி பல வேலைகள் செய்யும் கருவி. அது விளையாடவும் உதவுகிறது. பெட்டியோ விளையாடுவதற்கென்றே பிறந்தது. கீழே நாம் காணப்போகும் நன்மை தீமைகளுள் பெரும்பாலானவை இந்த ஒரு வேற்றுமையிலிருந்தே கிளைப்பவை.

நம் இல்லங்களுக்கு வந்த வழி

தமிழ்நாட்டு இல்லங்களுக்கு இவை வந்த வழியும் தனித்தன்மை உடையது. 1990-களில் ‘கேசட்’ செருகி ஆடும் மலிவான டிவி கேம்கள் ஊர்தோறும் பரவின. அவற்றுட் பல, 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ பெட்டியின் நகல்களே. மரியோவையும் டாங்கி ஆட்டத்தையும் அக்காலப் பிள்ளைகள் அவற்றில்தான் கண்டனர். அவர்களே இன்று பெற்றோர்.

அதன் பின் அரசின் இரு திட்டங்கள் இல்லங்களின் நிலையை மாற்றின. 2006-ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீடுகளிலும் திரையைக் கொண்டு வைத்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் கைகளில் கணினியைத் தந்தது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அத்திட்டத்தின்கீழ் வழங்கப்பட்டன. கணினி என்பதையே அதுவரை தொட்டறியாத குடும்பங்கள் பல நம் மாவட்டத்தில் இருந்தன. அவற்றின் முதல் கணினி அந்த மடிக்கணினியே.

அதில் பாடமும் நடந்தது, விளையாட்டும் நடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’ என்னும் விளையாட்டு பென் டிரைவ் வழியாகக் கைமாறி எத்தனையோ மடிக்கணினிகளில் குடியேறிற்று. 2002-இல் வெளியான அவ்விளையாட்டை அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது என வகைப்படுத்தியிருந்தது. பத்து வயதுத் தம்பியும் அதை ஆடினான். வீட்டில் எவரும் அறியவில்லை. பிள்ளை கணினியில் ஏதோ படிக்கிறான் என்றே பலர் எண்ணியிருந்தனர்.

முதற் செலவும் தொடர் செலவும்

முதலில் விலையைக் காண்போம். ஒரே தரமான காட்சியைத் தர வேண்டுமானால், கன்சோல் பெட்டியைவிடக் கணினிக்கே செலவு மிகுதி. கிராபிக்ஸ் கார்டு என்னும் படக் கருவி ஒன்றே பெட்டியின் விலையில் பாதியை விழுங்கிவிடக் கூடும். திரை, விசைப்பலகை, மேசை, நாற்காலி, மின்தடைக்கு யு.பி.எஸ். என்று கணக்கு நீண்டுகொண்டே போகும். போதாக்குறைக்கு 2025-ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதால், கணினிக்கு வேண்டிய நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிற்று.

பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பெட்டியைக் குறைந்த இலாபத்திலோ, சில வேளைகளில் நட்டத்திலோ விற்றுவிட்டு, பின்னர் விற்கும் விளையாட்டுகளில் பங்கு பெறுவதே அந்நிறுவனங்களின் வணிக முறை. தூண்டிலின் விலை குறைவு. இரையின் விலை கூடுதல் என்று இதைச் சொல்லலாம். பிளே ஸ்டேஷன் 5-இன் பெரிய விளையாட்டுகள் பல வெளியாகும்போது ஒவ்வொன்றும் 4,999 ரூபாய். பத்து விளையாட்டு வாங்கினால் மற்றொரு பெட்டியின் விலை ஆகிவிடும். அன்றியும், விலை கொடுத்து வாங்கிய விளையாட்டைப் பெட்டியில் இணையம் வழியாகப் பிறரோடு ஆடுவதற்குப் பெரும்பாலும் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அத்தகைய சந்தா பொதுவாக இல்லை.

கணினியில் விளையாட்டுகள் மலிவு. 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் ரூபாயிலேயே விலை காணலாம். தள்ளுபடிக் காலங்களில் சில நூறு ரூபாய்க்கே நல்ல விளையாட்டுகள் கிட்டும். வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆடாதிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறவும் அங்கே வழி உண்டு.

ஆனால் பெட்டிக்கு ஓர் அனுகூலம் உண்டு. வட்டுப் போடும் வசதியுள்ள பெட்டியை வாங்கினால், ஆடி முடித்த வட்டை நண்பனுக்கு இரவல் தரலாம். பாதி விலைக்கு விற்கலாம். கணினியில் இன்று பெரும்பாலும் வட்டுகள் இல்லை. எல்லாம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வனவே. பெரிய விளையாட்டுகள் 100 ஜி.பி. அளவையும் தாண்டுகின்றன. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசி இணைப்பை நம்பியிருக்கும் சிற்றூர் வீட்டில், ஒரே ஒரு விளையாட்டை இறக்க ஐம்பது நாள் ஆகும்! அகன்ற இணைய இணைப்பு இல்லாத ஊரில் இருப்போர், வாங்குமுன் இதனை எண்ணுதல் நலம். வட்டிலிருந்து ஆடுவோருக்கும் திருத்தங்களை இறக்க வேண்டி வரும். எனினும் சுமை குறைவு.

மின்சாரக் கணக்கு

வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2016-ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்தது. சிறு குடும்பங்கள் பல அந்த வரம்பை நெருங்காமல் பார்த்துப் பார்த்தே செலவு செய்கின்றன. ஆகவே அதையே அளவுகோலாகக் கொள்வோம்.

பெரிய விளையாட்டை ஆடும்போது பிளே ஸ்டேஷன் 5 ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் இழுக்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 120 மணி. அதாவது 24 யூனிட். தொலைக்காட்சிக்கு 60 வாட் என்று வைத்தால் மேலும் 7 யூனிட். ஆக 31 யூனிட். கிராபிக்ஸ் கார்டு பொருத்திய மேசைக் கணினி, திரையையும் சேர்த்து 400 வாட் இழுப்பதாகக் கொண்டால் 48 யூனிட். படிப்பிற்குப் பயன்படும் சாதாரண மடிக்கணினியில் சிறு விளையாட்டுகளை ஆடினால் ஏறத்தாழ 7 யூனிட்டே ஆகும். நூறு யூனிட்டில் ஏழு எங்கே, நாற்பத்தெட்டு எங்கே! கோடைக் காலத்தில் மின்விசிறி இரவுபகலாய்ச் சுழலும் வீட்டில் இவ்வேறுபாடு மின்கட்டணத்தில் நன்றாகவே தெரியும்.

மின்சாரம் திடீரென நின்றுபோகும் ஊர்களில் மடிக்கணினிக்கு மற்றுமொரு நன்மை உண்டு. அதன் மின்கலம் அதைக் காக்கும். பெட்டியும் மேசைக் கணினியும் அந்த நொடியே அணைந்துவிடும்.

பழுதும் ஆயுளும்

கணினியைப் பிரித்துப் பார்க்கலாம். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். நினைவகத்தைக் கூட்டலாம், பழைய வட்டுக்குப் பதிலாகப் புதியது பொருத்தலாம். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் தருமபுரியிலும் சுற்றுவட்டத்துச் சிறு நகரங்களிலும் இருக்கின்றனர். ஆர்வமுள்ள பிள்ளை தானே செய்யவும் பழகிக்கொள்வான். பெட்டி பழுதுபட்டால், உத்தரவாதக் காலம் முடிந்திருக்குமானால், பெங்களூரு அல்லது சென்னையை நோக்கி அதைத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலையே பெரும்பாலும் ஏற்படும்.

ஆனால் ஆயுள் என்று பார்த்தால் பெட்டிக்கு ஒரு நிம்மதி உண்டு. பிளே ஸ்டேஷன் வரிசையில் இரண்டாவது 2000-இலும், மூன்றாவது 2006-இலும், நான்காவது 2013-இலும், ஐந்தாவது 2020-இலும் உலகச் சந்தைக்கு வந்தன. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறையே புதிது வருகிறது. அதுவரை வெளியாகும் விளையாட்டுகள் அந்தப் பெட்டியில் ஓடும் என்னும் உறுதி உண்டு. கணினியில் அவ்வுறுதி இல்லை. ‘இந்த விளையாட்டுக்கு உன் கணினி போதாது’ என்று திரையில் வரும் ஒரு வரி, ‘அப்பா, புதிய கார்டு வாங்க வேண்டும்’ என்னும் அடுத்த வேண்டுகோளாக வீட்டில் ஒலிக்கும். கணினி விளையாட்டில் முழுமூச்சாக இறங்கிய இளைஞர் பலருக்கு, ஆடுவதைவிடக் கணினியை மேம்படுத்துவதே பெரும் செலவாகிவிடுகிறது.

யார் கையில் சாவி?

செலவைவிடப் பெரிய வினா ஒன்றுண்டு. பிள்ளை எதை ஆடுகிறான், எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதை யார் அறிவார்?

இங்கே பெட்டியே முந்துகிறது. அது தொலைக்காட்சியை வேண்டி நிற்பதால் பெரும்பாலும் கூடத்திலேயே இருக்கிறது. அடுப்படியிலிருந்து வரும் அன்னையும், திண்ணையிலிருந்து எழும் பாட்டனாரும் திரையைக் காண்கின்றனர். தொலைக்காட்சியில் பாட்டி தொடர் பார்க்கும் நேரம் வந்தால் ஆட்டம் தானே நின்றுவிடும்! நேர வரம்பு, வயது வரம்பு, செலவு வரம்பு ஆகிய மூன்றையும் பெற்றோர் தம் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கப் பெட்டியில் வசதி உண்டு. கைப்பேசியிலிருந்தே அதைக் கையாளவும் இயலும்.

நம் மாவட்டத்தில் தந்தை பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ வேலையாயிருக்க, தாயும் தாத்தா பாட்டியும் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய தந்தைக்கு இவ்வசதி ஓரளவு உதவும். எனினும் தொலைவிலிருந்து போடும் பூட்டு, அருகிலிருந்து சொல்லும் ஒரு சொல்லுக்கு ஈடாகாது. ‘ஏன் நிறுத்தச் சொல்கிறார்’ என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால், பூட்டு அவனுக்கு எதிரியாகத்தான் தோன்றும். விடுமுறைக்கு ஊர் வரும் தந்தை, பெட்டியின் வரம்புகளைப் பிள்ளையோடு கூடி அமர்ந்து, காரணம் கூறி, அமைப்பாராயின் நன்று.

கணினியிலும் இத்தகைய வரம்புகளை அமைக்கலாம். ஆனால் நடைமுறையில், வீட்டில் கணினியை நன்கறிந்தவன் பிள்ளையே. நிர்வாகக் கடவுச்சொல் அவனிடமே இருக்கிறது. பாடத்தையும் ஆட்டத்தையும் ஒரே திரையில் ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். அறைக் கதவு சாத்தியிருந்தால் அவன் கட்டுரை எழுதுகிறானா, கட்டடத்திலிருந்து சுடுகிறானா என்பதை யாரும் அறியார். பல வேலை செய்யும் கருவியாய் இருப்பதே கணினியின் பெருமை; அதன் ஆபத்தும் அதுவே.

வயது வரம்பைப் பற்றியும் ஒரு சொல். 1993-இல் வன்முறை மிகுந்த விளையாட்டுகளைக் குறித்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையில் எழுந்த விவாதத்தின் விளைவாக, 1994-இல் ‘ஈ.எஸ்.ஆர்.பி.’ என்னும் தரநிர்ணய அமைப்பு அங்கே தோன்றியது. 2003-இல் ஐரோப்பாவில் ‘பெகி’ அமைப்பு வந்தது. பெகியின் 3, 7, 12, 16, 18 என்னும் எண்கள் அட்டையின் மேல் பெரிதாகவே அச்சிடப்படுகின்றன. அவை விளையாட்டின் கடினத்தைக் குறிப்பவை என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அவை ஆடுவோரின் குறைந்த வயது. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல இதனையும் பார்த்துப் பழகுவோம்.

கற்பதற்கு உதவுவது எது?

கற்றல் என்று வந்தால் கணினிக்கே வெற்றி. பெட்டி ஆட மட்டுமே விடும். கணினியோ ஆடுபவனை ஆக்குபவனாகவும் மாற்றும். எம்.ஐ.டி. கழகம் 2007-இல் இலவசமாக வெளியிட்ட ‘ஸ்க்ராட்ச்’ என்னும் மென்பொருள், பிள்ளைகள் கட்டங்களை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கித் தாமே விளையாட்டு ஒன்றை உருவாக்க வழி செய்கிறது. 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் அதைப் பற்றிய பாடமே உண்டு. சாதாரண மடிக்கணினியே அதற்குப் போதும். விலை மிகுந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

கூடி விளையாடுவதற்கோ பெட்டியே சிறந்தது. ஒரே திரை முன் இருவர், நால்வர் அமர்ந்து கன்ட்ரோலரைக் கைமாற்றி ஆடலாம். 2009-ஆம் ஆண்டு பிளே ஸ்டேஷன் 2-க்கென இந்தியாவில் உருவாக்கப்பட்ட ‘தேசி அட்டா’ என்னும் விளையாட்டில் கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டம் விடுதலும் இடம் பெற்றன. அண்ணனும் தங்கையும் பெரியப்பா மகனும் சேர்ந்து சிரித்து ஆடும் அரைமணி நேரம், அறைக்குள் தனித்திருந்து முகமறியாதவரோடு ஆடும் மூன்று மணி நேரத்தைவிட மேலானது.

உடல் ஊனமுற்ற பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு ஒரு செய்தி. கைவிரல்களை எளிதில் இயக்க முடியாதவர்களும் ஆடும்வண்ணம், பெரிய பொத்தான்கள் கொண்ட தனிக் கன்ட்ரோலர் ஒன்றை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அது எக்ஸ் பாக்ஸ் பெட்டியிலும் கணினியிலும் இயங்கும். விளையாட்டுத் திடலில் ஓரமாய் அமர்ந்து பார்க்க மட்டுமே வாய்த்த பிள்ளைக்கு இத்தகைய கருவி பெரும் மகிழ்ச்சி தர வல்லது.

இரண்டிற்கும் பொதுவான ஆபத்துகள்

சில தீமைகள் இரண்டிற்கும் பொது. விளையாட்டுக்குள்ளேயே பணம் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ‘பரிசுப் பெட்டி’களை வாங்கத் தூண்டும் முறை அவற்றுள் ஒன்று. சில விளையாட்டுகளில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவித்தது. ஆகவே கணினியிலோ பெட்டியிலோ வங்கி அட்டையின் எண்ணைப் பதித்து வைத்தல் ஆகாது.

நோய் என்னும் அளவிற்குச் செல்லும் ஆட்டப் பழக்கத்தை உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022-ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நிறைய நேரம் ஆடுவது மட்டுமே நோய் ஆகாது. ஆட்டத்தை நிறுத்த இயலாமை, பிற எல்லாவற்றையும்விட அதையே முதன்மையாகக் கொள்ளுதல், கேடு வந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் நீடித்து, படிப்பையும் உறவையும் குலைக்கும்போதே அது நோய் எனப்படும். உறக்கம் கெட்டு, உணவை மறந்து, நண்பரை விலக்கி, நிறுத்தச் சொன்னால் வெகுண்டெழும் பிள்ளையை அடித்துத் திருத்த முயலாதீர்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே ‘ஷட்’ என்னும் தனிப் பிரிவை 2014-இல் தொடங்கியது. தருமபுரியிலிருந்து தொடர்வண்டியிலோ பேருந்திலோ சென்று மாலையில் திரும்பும் தொலைவே அது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் வெட்கமில்லை, இதற்கும் இல்லை.

கைப்பேசி என்னும் மூன்றாவது

கணினியா பெட்டியா என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருப்பது கைப்பேசியில். 2020-21 பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புகள் அதை அவர்கள் கையில் நிலையாக வைத்துவிட்டன. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களும் பெரும்பாலும் அதன் வழியாகவே வீடுகளுக்குள் நுழைந்தன. அவற்றால் ஏற்பட்ட கடன்களும் உயிரிழப்புகளும் கண்டே தமிழக அரசு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டைப் பையில் அடங்குவதும், போர்வைக்குள் ஒளிவதும், விளம்பரம் நிறைந்ததுமான கைப்பேசியோடு ஒப்பிட்டால், கூடத்தில் வீற்றிருக்கும் கணினியும் பெட்டியும் எவ்வளவோ மேல். ‘இரண்டும் வேண்டாம்’ என்று மறுத்துவிட்டுத் தம் கைப்பேசியைப் பிள்ளையிடம் நீட்டும் பெற்றோர், பூனையை விரட்டிவிட்டுப் பாம்பை உள்ளே விடுகின்றனர்.

நமது முடிபு

இத்தனையும் எடைபோட்டு நாம் கூறுவது இதுவே.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க இயலும், வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கிறான் என்றால், கணினியே வாங்குங்கள். அதுவும் படிப்பிற்குரிய சாதாரண மடிக்கணினி. அதில் பெரிய விளையாட்டுகள் ஓடா, ஓடாதது நன்மையே. நூற்றுக்கணக்கான சிறு நல்ல விளையாட்டுகள் ஓடும். அதைக் கூடத்து மேசையில் வையுங்கள்.

வீட்டில் கணினி ஏற்கெனவே உண்டு, பிள்ளைகள் இருவர் மூவர், அவர்கள் கூடி ஆட வேண்டும், கையில் ரொக்கமும் உண்டு என்றால், கன்சோல் பெட்டி தவறில்லை. வட்டுப் போடும் வகையாகப் பாருங்கள். ஆண்டிற்கு இத்தனை விளையாட்டு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

இலட்சத்தைத் தொடும் விலையில் விளையாட்டிற்கென்றே அமைக்கும் மேசைக் கணினி, தானே சம்பாதிக்கும் இளைஞனுக்கோ, படம் வரைதல், காணொளி தொகுத்தல், நிரல் எழுதுதல் போன்ற வேலைக்கு அதைப் பயன்படுத்துவோனுக்கோ பொருந்தும். பள்ளிச் சிறுவனுக்காகத் தவணைக் கடனில் அதை வாங்குவது அறிவுடைமை ஆகாது. ஆட்டம் சலித்த பின்னும் தவணை சலிக்காது.

நான்காவதாக ஒன்று. கள்ளப் பிரதி வேண்டாம். கணினியில் அது எளிது. அதனோடு வைரசும் வரும். அதனினும் கேடு, ‘பிறர் உழைப்பை விலை கொடாமல் எடுக்கலாம்’ என்று பிள்ளை நம் வீட்டிலேயே கற்றுக்கொள்வது.

அவ்வுழைப்பின் அருமையை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டு. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் உள்ள ‘விசை’ என்னும் சிறு குழுவினர், 2023-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் ‘வெண்பா’ என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடியேறிய வெண்பா என்னும் தாய், பாவலன் என்னும் தந்தை, அவர்களுடைய மகன் கவின் ஆகியோரின் கதை அது. சுடுதலும் துரத்தலும் அதில் இல்லை. தாய் தந்த, கிழிந்தும் அழிந்தும் போன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டிலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். தாய்மொழியில் பேச நாணும் மகனும், அதைக் கண்டு மனம் நோகும் தாயுமே கதை. 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு, முதற் படைப்பிற்கான விருதை அதற்கு வழங்கியது. அவ்விளையாட்டு சாதாரணக் கணினியிலும் ஓடுகிறது. பிளே ஸ்டேஷனிலும் எக்ஸ் பாக்ஸிலும் ஓடுகிறது. எதில் ஆடினாலும் கதை ஒன்றே, கண்ணில் துளிர்க்கும் நீரும் ஒன்றே.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. எதில் ஆடுகிறான் என்பது ஒருமுறை முடிவு செய்யும் வினா. எதை ஆடுகிறான், யாரோடு ஆடுகிறான், எப்போது நிறுத்துகிறான் என்பன நாள்தோறும் விடை காண வேண்டிய வினாக்கள். முதல் வினாவிற்குக் கடைக்காரரும் விடை சொல்லக்கூடும். மற்றவற்றிற்குப் பிள்ளையின் அருகில் அமர்பவர்தாம் விடை சொல்ல முடியும். வாங்குவது எதுவாயினும், வாரத்தில் ஒரு நாளாவது இரண்டாவது கன்ட்ரோலரை நீங்களே கையில் எடுங்கள். தோற்றுப்போவீர்கள், ஆயினும் உங்களுக்குக் கற்றுத் தரும் மகிழ்ச்சியில் உங்கள் பிள்ளை வாய் திறந்து பேசுவான்.